கசெற் அங்கிளும் என் மாமனாரின் குரலும்

சிட்னியில் எங்கள் கிரவீன் பேட்டையில் கல்யாணமான எந்தத் தமிழனுக்கும் இரகசியம் என்று ஒன்று மிச்சமில்லை. அதற்கு முழுப் பொறுப்பு கசெற் அங்கிள்; யாழ்ப்பாணத்தார் நாக்கில் கேசட், கசெற் ஆகிவிடும். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் எனக்குத் தெரியாது. அவர் மனைவி அன்ரிக்கும் மறந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் தன் கணவரை ‘இஞ்சேருங்கோ’ என்றுதான் கூப்பிடுவார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, சிட்னியில் ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மற்றவர்கள் தக்காளி வளர்த்தார்கள், இல்லையென்றால் கோயில் கமிட்டியில் சண்டை வளர்த்தார்கள். இவர் ஊரார் வீட்டுப் பழைய வீடியோ கேசட்டுகளை வாங்கி, பூஞ்சை துடைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கமாட்டார். ஆனால் படம் முழுவதையும் உட்கார்ந்து பார்ப்பார். ஆபத்தே அதில்தான் இருந்தது.

கவுன்சில் லாரி பழைய சாமான்களை அள்ள வரும் வாரத்தில், அதற்கு முன்பே அங்கிள் தெருத் தெருவாகக் காரில் சுற்றிவிடுவார். அடுத்தவர் வாசலில் எறிந்த வீடியோ டெக்குகள் எல்லாம் அவருடைய கராஜில் வந்து சேரும். கார் வெளியே மழையில் நிற்கும்.

“கார் நனைஞ்சு தடிமன் வந்தாலும் பரவாயில்லை, டெக்குக்கு வரக்கூடாது. என்னையும் ஒருநாள் வெளியில விட்டிட்டு, அந்த இடத்தில ரெண்டு டெக் அடுக்குவார்” என்பார் அன்ரி.

ஒருமுறை அங்கிள், பக்கத்துப் பெண்டில் ஹில் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் நேரே போய், “நீங்கள்தானே அந்தப் பச்சைச் சீலை? கொழும்பில குகன்ர கலியாணத்தில ரெண்டாம் பந்தியில இருந்தனீங்கள்?” என்று கேட்டார். அந்த அம்மாவை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண்மணி திருதிருவென்று விழிக்க, “முதல் பந்தியிலயும் பார்த்தனான்” என்று அன்போடு சேர்த்துக்கொண்டார். அந்த அம்மா கறிவேப்பிலையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிறவிச் சைவம் என்று மேடை மேடையாக முழங்கும் பிரமுகர் ஒருவர், யாரோ வீட்டுப் பிறந்தநாள் கேசட்டில் கோழிக்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்தத் துண்டு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கீழே அங்கிள், ‘படம் நல்ல கிளியர்’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி அவருடைய கொள்கை. படத்தில் எதையும் வெட்டமாட்டார். வருகிறவர்களில் பாதிப் பேர் வெட்டச் சொல்லத்தான் வருவார்கள். புலம்பெயர்ந்து வந்த பிறகு நமக்கு உறவினர் குறைந்தார்களே தவிர, கோபதாபம் குறையவில்லை. ஒருநாள் நான் அங்கே இருந்தபோது ஒரு தம்பதி வந்தார்கள்.

“அங்கிள், இந்த மச்சானோட இப்ப கதைபேச்சில்லை. அவர் வாற இடமெல்லாம் வெட்டிவிடுங்கோ” என்றார் கணவர்.

“அவர்தானே ஐசே மாப்பிள்ளைத் தோழன்! உம்மோட ஒட்டிக்கொண்டு நிக்கிறார். அவரை வெட்டினால் உம்மையும் சேர்த்து வெட்டவேணும்.”

“பரவாயில்லை, வெட்டுங்கோ” என்றார் மனைவி.

அங்கிள் எழுந்துவிட்டார். “நான் என்ன சலூனே வைச்சிருக்கிறன், வெட்டுறதுக்கு?”

இப்பேர்ப்பட்டவரிடம்தான் எங்கள் கல்யாணக் கேசட்டையும் கொடுக்க வேண்டியிருந்தது. நானும் தமிழ்நாட்டுக்காரன்தான், என் மனைவி கோமதி திருநெல்வேலிக்காரி. கல்யாணம் முடிந்த மறுவருஷமே அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். போட்டோவில் எல்லாம் முறைத்துக்கொண்டு நிற்பார். அவர் நடப்பதும் பேசுவதும் அந்தக் கேசட்டில் மட்டும்தான். “அப்பா குரல் எப்படி இருக்கும்னே மறந்துக்கிட்டு வருது” என்று கோமதி சொல்லத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு வேண்டியது அந்தக் குரல் ஒன்றுதான்.

கேசட்டைத் திறந்து பார்த்த அங்கிள், “நடுவில பூஞ்சணம் பிடிச்சுப் போச்சுது. ஆரிட்டையும் இன்னொரு கொப்பி இருந்தால் எடுப்பியுங்கோ” என்றார். தென்காசியில் கோமதியின் அக்காவிடம் ஒன்று இருந்தது. அக்கா பரணெல்லாம் தேடிவிட்டு, வீட்டுக்கு வெள்ளையடித்தபோது தூக்கிப் போட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். ஆக உலகத்தில் இருந்தது எங்கள் கேசட் ஒன்றுதான். பதறிப்போய் அங்கிளுக்குப் போன் போட்டேன்.

“அங்கிள், எங்க கேசட் என்னாச்சு?”

“உங்கட கசெற் காணும்!”

“காணோமா?”

“ஓம், ஓம், காணும்! ஒரு யோசனையும் வேண்டாம். டெக் ஓடுது, வைக்கிறன்.”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கோமதிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. “எங்கப்பாவைத் தொலைச்சுப்போட்டு எவ்வளவு சந்தோஷமாச் சொல்லுதாரு பாருங்க!” என்று அழுதாள். அழுதுகொண்டே கார் சாவியை எடுத்தாள். அவள் ஓட்டிய வேகத்தில் நான் எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

கராஜில் அங்கிள் ஒரு டெக்கின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்கெல்லாம் தேடுனீங்க?” என்றாள் கோமதி.

“என்னத்தைத் தேடுறது?”

“கேசட்டைத்தான்! காணோம்னீங்களே!”

“காணும்தான். அதைத்தானே சொன்னனான்.”

“சொன்னா ஆச்சா? தேட வேண்டாமா?”

“காணும் எண்ட பிறகு ஏன் பிள்ளை தேடவேணும்?”

இப்படியே விட்டிருந்தால் இந்தியாவும் இலங்கையும் தூதரகத்தை இழுத்து மூடியிருக்கும். நல்லவேளையாக அன்ரி சமையலறையிலிருந்து ஓடிவந்தார். “பிள்ளை, நாங்கள் ‘காணும்’ எண்டால் நீங்கள் ‘போதும்’ எண்டு சொல்லுவீங்கள். உங்கட கசெற்றே போதும், அக்காவின்ர கொப்பி தேவையில்லை எண்டு சொல்லுறார்.” எல்லாம் எங்கள் ஊர் சீரியல் பார்த்து வந்த அறிவு. அன்று முதல் நான் சீரியல்களைக் கேலி செய்வதில்லை.

கோமதி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அங்கிள் படத்தைப் போட்டார். பந்தியில் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு வந்தார். வாயைத் திறந்தார். பெண் குரலில் காதல் பாட்டு வந்தது.

நான் சிரித்துவிட்டேன். கோமதியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். வீடியோக்காரர் படம் நெடுக சினிமாப் பாட்டைச் சேர்த்திருந்தார்.

“அப்ப குரலே இல்லையா?” என்றாள்.

“பாட்டைப் போட்டு மனுசரின்ர வாயை அடைச்சிருக்கிறான் விசரன்! ஆனால் ஒரு பாட்டு முடிஞ்சுதானே மற்றது தொடங்கவேணும்? பொறுங்கோ பிள்ளை.” அந்த இடைவெளியைத் தேடித்தான் மனிதர் முழுப்படத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்.

பாட்டு ஓய்ந்தது. மாமனார் கேமராவை நோக்கித் திரும்பினார். “ஏல, எம் பொறத்தாலயே வாரியே, மொதல்ல போய்ச் சாப்பிடுல!” அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

அவ்வளவுதான். கோமதி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகவே செய்தாள். “அப்பாதான்! வைதாத்தான் அவருக்குப் பேச்சே வரும். இன்னொரு தடவ போடுங்க அங்கிள்.” அவள் கேட்கக் கேட்க அங்கிள் சலிக்காமல் போட்டார்.

பிறகு மெதுவாகக் கேட்டார். “படம் பிடிக்கிறவனையோ சாப்பிடச் சொல்லுறார்?”

“ஆமா அங்கிள்.”

அங்கிள் திறந்து கிடந்த டெக்கின் மூடியைப் பூட்டத் தொடங்கினார். எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்த அன்ரிதான் சொன்னார். “வந்த புதுசில இஞ்ச எல்லாற்ற கலியாணத்துக்கும் இவர்தான் கமெரா. பாதி நாள் வீட்டை வந்துதான் சாப்பிடுவார்.”

“அப்ப நீங்க எந்தப் படத்துல இருக்கீங்க?” என்றாள் கோமதி.

“நான் எப்பிடி இருப்பன்? நான்தானே எடுத்தனான்.”

“உங்க மக கல்யாணத்துலயுமா?”

“அதை வேற ஆள் எடுத்தால் படம் ஆடும் பிள்ளை” என்றார் பெருமையாக. அந்தப் பெருமை எங்களை என்னவோ செய்தது.

நான் செல்போனை எடுத்து, வீடியோவை ஓடவிட்டு அவர் முன்னால் நீட்டினேன். ஊரார் முகத்தையெல்லாம் உற்றுப் பார்த்த மனிதர் சட்டென்று கையால் தன் முகத்தை மறைத்துக்கொண்டார். “விடும் ஐசே, என்னை என்ன எடுக்கிறது? முதல் அந்தத் தேத்தண்ணியைக் குடியும், ஆறப்போகுது!”

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. தேநீரைக் குடித்தேன்.

அங்கிள் இப்போது சிட்னியை விட்டுப் போய் டண்டினொங் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். கோமதி தன் அப்பாவைப் போட்டுப் பார்க்கும் நாட்களில், அது முடிந்ததும் என் பக்கம் திரும்பி, “அங்கிளையும் போடுங்க” என்பாள்.