பனியன் கம்பெனி பந்தக்கா

திருப்பூரில் பந்தக்காவிடம் உதை வாங்காத பொருள் ஒன்று உண்டென்றால், அது அவள் கண்ணில் படாததாகத்தான் இருக்கும். தேங்காய்ச் சிரட்டை, பிளாஸ்டிக் டம்ளர், நூல் தீர்ந்த கோன், ஒருமுறை எங்கள் ஹாஸ்டல் வார்டனின் செருப்பு. எதுவானாலும் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கையில் எடுப்பாள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

தூத்துக்குடிப் பக்கம் கடலோரக் கிராமம். பள்ளியில் படிக்கும்போதே மாவட்டக் கால்பந்து அணிக்கு ஆடியவள். கடலுக்குப் போன அப்பா திரும்பி வராததால், பந்தை விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்கு வந்தாள். விட்டுவிட்டு என்றா சொன்னேன்? வந்த வாரமே கட்டிங் வேஸ்ட் துணியைச் சுருட்டித் தைத்து ஒரு பந்து செய்துவிட்டாள். செக்கிங் மேசையில் நான் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பேன். அவள் தைத்து முடித்த பண்டல் உதை வாங்கி, தரையோடு வழுக்கிக்கொண்டு என் காலடிக்கு வரும்.

சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொள்வார். "ஏனம்மிணி, இது கம்பெனியா, கிரவுண்டாங்க?"

"கையில தூக்குனா நேரமாவுது சார். புரொடக்‌ஷன் முக்கியம்லா?"

ஒருநாள் துணிப்பந்து முதலாளியின் டீ டம்ளரில் போய் விழுந்தது. வெள்ளை வேட்டியெல்லாம் டீ. வேலை போயிற்று என்றே நினைத்தோம். அவர் வேட்டியை உதறிக்கொண்டு, "அவ்வளவு தூரத்துல இருந்தா அடிச்சே, கண்ணு?" என்றார். லாரி நிறுத்துகிற காலி இடம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குக் கிடைத்தது. நிஜப் பந்தும் வந்தது.

சுடிதார் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஹாஸ்டலே ஓடியது. பந்து போகிற பக்கமெல்லாம் கோல்கீப்பர் உட்பட அத்தனை பேரும் ஓடுவோம்.

"ஏட்டி, பஸ்ஸுல சீட்டுப் பிடிக்கவா போறீய?" என்று கத்துவாள்.

கோயமுத்தூரில் மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். லீவு போட்டுப் போனாள். ஆட்டத்தின் நடுவே யாரோ வந்து மோதியதில் வலது முழங்கால் திரும்பிவிட்டது. இனிமேல் ஓடக் கூடாது என்றார் டாக்டர்.

"நின்னுக்கிட்டு ஆடலாமா டாக்டர்?"

அவர் ஊன்றுகோல் வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தாள். ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், வேஸ்ட் துணிக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மெஷின்கள் நின்றிருந்ததால் அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"எங்கப்பா போனப்பகூட ஓடிப்போயி பந்த ஒதச்சேன். இப்ப எங்கட்டி போவேன்?"

வெள்ளகோவிலில் இருந்து வந்த ஹெல்பர் பெண் செல்விதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நீங்க ஓட வேண்டாங்கக்கா. எங்களய ஓட வையுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊன்றுகோலோடு வந்தாள். கோல் போடும் இடத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. ஊன்றுகோலால் தட்டிவிட்டு, "கையால தடுக்கலாம்னா கட்டையாலயும் தடுக்கலாம்லாட்டி?" என்று வாதாடினாள்.

பிறகு ஒரு கல்லூரி அணியோடு மோதினோம். எத்தனை கோல் வாங்கினோம் என்று எண்ணுவதை நாங்களே நிறுத்திவிட்டோம். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் செல்வி ஒரு கோல் போட்டாள். பந்தக்கா ஊன்றுகோலை வானத்தில் வீசினாள். அது இல்லாமல் நிற்க முடியாது என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. தொப்பென்று விழுந்தாள். தூக்கப் போனால், மண்ணில் கிடந்தபடி சிரிக்கிறாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

அப்புறம் ஆர்டர் இல்லாமல் கம்பெனியை மூடினார்கள். ஹாஸ்டல் காலியானது. செல்வி வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லி, கல்லூரியில் சேர்ந்து ஆடி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் ஆனாள். அதற்கெல்லாம் முன்னால், ஹாஸ்டல் காலியான அன்றே, பந்தக்கா ஊருக்குக் கிளம்பினாள். பஸ் படியில் ஏறக் கால் மடங்கவில்லை. நானும் செல்வியும் இரண்டு பக்கமும் தாங்கி ஏற்றிவிட்டோம்.

"அழாதீயட்டி, மூச்சு வாங்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை. மழை பிடித்துக்கொண்டால் எனக்கு இப்போதும் அந்த முழங்கால்தான் ஞாபகம். ஈரத்துக்கு வலிக்குமே, பக்கத்தில் இருந்து ஒத்தடம் கொடுக்க யாராவது இருக்கிறார்களோ, என்னவோ.