நான்கு மாவட்டம் கடந்த டாக்கெட்டுகள்

லிக் ஃபோர்க், நாட் மாவட்டம், கென்டக்கி
ஜூன் 14

பெரும் மதிப்புக்குரிய வெர்லி அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் ட்வைலா பணிவுடன் எழுதுவது. அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தையும் மாமாவின் ரத்த அழுத்தத்தின் சுகத்தையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். டேட்டன் நகரத்தில் உங்கள் வீட்டுப் பின்னறைக்கு எனக்காக மஞ்சள் பெயின்ட் அடித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மிகவும் சந்தோஷம். அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறை வேலைக்கும் நான் வர முடியாது என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். போனில் நானே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம் நம் மூதாதை ஹெசக்கையா டாக்கெட்.

அவர் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீங்கள் ஊரை விட்டுப் போன நாற்பது வருடத்தில் அது வளர்ந்திருக்கிறது. உங்கள் காலத்தில் அவர் இரண்டு மாவட்டம்தான் கடந்திருந்தாராம், அம்மா சொல்கிறாள். இப்போது நான்கு. ஃப்ளாய்டு, பெரி, லெட்சர், கடைசியில் அவர் பிள்ளைகள் வந்து சேர்ந்த நாட். ஒவ்வொரு ஜூன் மாதமும் சொந்தக்காரர்கள் எல்லோரும் பதினேழு வண்டிகளில் அந்த வழியாகவே ஊர்வலம் போகிறோம். பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பழைய பஸ்ஸை அப்பா வாங்கி வைத்திருக்கிறார், அதுதான் முன்னால் போகும். அதன் பக்கவாட்டில் ‘நின்ற இடத்தில் நில்லாத டாக்கெட்டுகள்’ என்று பேனர். முதல் நிறுத்தத்தில் ஹெசக்கையாவின் மாட்டுக்குக் கால் ஒடிந்தது. இரண்டாவதில் குழந்தை பிறந்தது. மூன்றாவதில் பனி. இதையெல்லாம் அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் சொல்வார். அப்பா இதுவரை ஓர் இரவுகூட வெளி மாவட்டத்தில் தூங்கியதில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். “டேட்டனா? அங்க நமக்கு யாரு இருக்கா?” என்றார் அப்பா. “உங்க அக்கா இருக்காங்க” என்றாள் அம்மா. “அவ கல்யாணம் பண்ணிட்டுப் போனவ. அது கணக்குல வராது” என்று சொல்லிவிட்டு சோள ரொட்டியைப் பிட்டார். நான் எப்போதும் இல்லாத தைரியத்தில், “ஊர் ஊராப் போறது நம்ம ரத்தத்துலயே இருக்குன்னு நீங்கதானே சொல்வீங்க” என்றேன். அப்பா வெகுநேரம் மென்றார். பிறகு, “சரி புள்ள. ஹெசக்கையா போனாருன்னு காகிதத்துல காட்டு. நானே பஸ்ஸுல கொண்டுபோய் விடுறேன். காட்டலேன்னா இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது” என்றார். அம்மா சாட்சி.

நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி முடித்தவள் என்பதால் எல்லாக் காகிதமும் என்னிடம்தான் வரும். டாக்டர் சீட்டு, வாஷிங் மெஷின் புத்தகம், ஆர்வில் சித்தப்பாவுக்கு வந்த கோர்ட்டு நோட்டீஸ் எல்லாம் நான்தான் வாசிக்கிறேன். எனவே இதுவும் என்னால் முடியும் என்று நினைத்து, மூன்று வாரம் நூலகத்தில் மைக்ரோஃபிலிம் கருவியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பழைய மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டினேன். 1850க்கு முன்பெல்லாம் குடும்பத் தலைவர் பெயரை மட்டும்தான் எழுதுவார்களாம். மனைவி, மக்கள் எல்லாம் வயதுவாரியான கட்டங்களில் ஆளுக்கு ஒரு கோடு. 1810இல் ஃப்ளாய்டு மாவட்டம், ஹெசக்கையா டாக்கெட். இருந்தார்! 1830இல் பெரி மாவட்டம், இருந்தார்! 1850இல் லெட்சர், கிழவராக இருந்தார்! நூலகம் என்பதையும் மறந்து “ஆ” என்று சொல்லிவிட்டேன், அதற்காக இரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றே பெட்டியை எடுத்துத் தூசி தட்டினேன்.

அதன்பிறகுதான் அத்தை, அவர் பெயருக்கு மேலேயும் கீழேயும் பார்த்தேன். 1810இல் மேல் வரியில் ஒபதையா பிரைட்மோர், கீழ் வரியில் விதவை ஸ்லோன். 1830இல் வேறு மாவட்டம், மேலே பிரைட்மோர், கீழே ஸ்லோன். 1850இல் இன்னொரு மாவட்டம், மேலே பிரைட்மோரின் மகன், கீழே ஸ்லோனின் பேரன். வீடு வீடாக நடந்து எழுதிய கணக்கு அது. ஹெசக்கையா எங்கேயும் போகவில்லை. பெரிய மாவட்டத்தை வெட்டி வெட்டிப் புது மாவட்டம் செய்திருக்கிறார்கள், அவர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மாவட்டங்கள்தான் அவரைக் கடந்து போயிருக்கின்றன. எல்லை வகுத்த பழைய காகிதம் ஒன்றையும் தேடி எடுத்தேன். ‘அங்கிருந்து நேராக ஹெசக்கையா டாக்கெட்டின் சோளக் களஞ்சியம் வரை’ என்று எழுதியிருக்கிறது. நம் வீட்டு முற்றத்தில் இருக்கும் அந்தக் களஞ்சியத்தின் அடிக்கற்கள் மேல்தான் அப்பா பஸ்ஸை நிறுத்துகிறார். கோடுகளில் ஒரே ஒரு மாற்றம்தான். 1820இல் பத்திலிருந்து பதினாறு வயதுக்குள் ஒரு பெண் கோடு இருந்தது, 1830இல் எந்தக் கட்டத்திலும் அது இல்லை. அது நம் விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது.

நகல் எடுக்கும்போது மேல் வரியையும் கீழ் வரியையும் மறைத்துவிட்டால் போதும், நான் டேட்டனில் இருப்பேன். இரண்டு நாள் யோசித்தேன். கத்தரிக்கோல்கூடக் கையில்தான் இருந்தது. முடியவில்லை. சரி, அப்பாவிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்றிருந்தால், நேற்று ஊர்வலத்தின் முதல் நிறுத்தத்திலேயே, மாட்டுக்குக் கால் ஒடிந்த இடத்தில், “இந்த வருஷம் நம்ம ட்வைலா அத்தாட்சியோட வந்திருக்கா!” என்று அப்பா எல்லோர் முன்னாலும் அறிவித்துவிட்டார். அறுபது பேர். நான் உள்ளதைச் சொன்னேன். “கேக்கல புள்ள!” என்று கத்தினார் ஆர்வில் சித்தப்பா. இன்னொரு முறை சொன்னேன். கேட்டுவிட்டது. யாரோ ஒருவருடைய வாழைப்பழ புட்டிங் தரையில் விழுந்தது.

அப்பா நகல்களை வாங்கிப் பார்த்தார். “நல்ல அக்கம்பக்கம். சேந்தே குடி மாறியிருக்காங்க” என்றார். “ரெண்டு தடவையுமாண்ணே? அதே வரிசையிலயா?” என்றார் சித்தப்பா. “காகிதத்துல இருக்குற ஓடை பேரும் அதேதாம்பா” என்றேன் நான், கேட்காமலே. “புது ஓடைக்குப் பழைய பேர வச்சிருப்பாங்க” என்றார் அப்பா. அப்புறம் களஞ்சியக் காகிதத்தைக் காட்டினேன். அப்பா பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப முப்பத்தோரு வருஷமா பெட்ரோலும் டீசலுமா ஊத்தி ஊத்தி சுத்துனோமே, அது எதுக்கு?” என்றார் சித்தப்பா. “காத்தாட” என்றார் அப்பா. பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டார். ஊர்வலம் அங்கேயே திரும்பிவிட்டது. வீட்டு வாசலில் இறங்கும்போது அப்பா, “காகிதம் காகிதந்தான், புள்ள” என்றார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை. நானும் பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். பேச்சு பேச்சுதானே.

ஆகவே மஞ்சள் அறைக்காக மன்னியுங்கள். மாமாவுக்கு என் மரியாதையைச் சொல்லுங்கள், உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் வீட்டுக்கடியில் ஈரம் கசியாத நிலவறையும் அருள்வாராக.

இருந்த இடத்திலேயே இருக்கும் உங்கள் மருமகள்,
ட்வைலா டாக்கெட்

பின்குறிப்பு: தபால்தலை கேட்டு இதை மேஜையில் வைத்தேன். அப்பா முழுவதும் படித்துவிட்டார். கோபிப்பார் என்று நின்றேன். “அந்தப் பொண்ணு கோடு எங்க போச்சு?” என்று கேட்டார். தெரியாது, பெண்கள் பெயரை எழுதவில்லை என்றேன். “செத்துப் போச்சா?” அதுவும் தெரியாது. “பிரைட்மோர் வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போயிருக்குமோ?” அங்கேயும் ஸ்லோன் வீட்டிலும் அந்த வயதில் பெண்ணே இல்லை, தேடிவிட்டேன் என்றேன். அப்பா நகலை எடுத்துவைத்து, பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணுவதுபோல் விரலை வைத்து மூன்று வீட்டையும் எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். “அப்ப அது போயிருக்கு” என்றார். பிறகு விரலை மடக்கி, “அது ஒண்ணு. வெர்லி ஒண்ணு. நீ ஒண்ணு. மூணு பேரு ஆச்சு. பேனர மாத்த வேண்டாம்” என்றார். அம்மா எழுந்துபோய் என் பெட்டியை எடுத்து வந்தாள்.

பஸ்ஸுக்கு டீசல் போட்டாகிவிட்டது. சனிக்கிழமை காலையில் கிளம்புகிறோம். அறையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், வேலை விஷயமாக யாரிடமும் எதுவும் சொல்லிவிடாதீர்கள். அப்பாவும் ஓர் இரவு தங்குவாராம், அவருக்குக் கட்டில் பெரிதாக வேண்டும். உங்கள் தெருவுக்குள் வந்ததும் ஹார்ன் அடித்துக்கொண்டே வருவார், அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தபால்தலை வீண் என்று அப்பா சொல்லிவிட்டதால் இந்தக் கடிதத்தை நானே கையில் கொண்டு வருகிறேன்.