கம்பெனிக்கு நான் அனுப்பிய புகார்

பயந்த சுபாவம் உள்ளவன் யார் மேலும் புகார் கொடுக்கக் கூடாது. கொடுத்துத் தொலைத்தால், அதன் பிறகாவது பயப்படாமல் இருக்க வேண்டும். எனக்கு இரண்டுமே வரவில்லை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எடுக்கிற கல்யாணப் படங்களைச் சமூக வலைத்தளத்தில் ஸ்டூடியோ பேஜில் போடுவேன். ஒருநாள் பார்த்தால், எல்லா மணப்பெண்களுக்குக் கீழேயும் ஒரே கமெண்ட்: 'வீட்டிலிருந்தே வீடியோவுக்கு லைக் போடுங்கள், தினமும் சம்பளம்.' அழிக்க அழிக்க முளைத்தது. வலைத்தளக் கம்பெனிக்கே புகார் எழுதினேன். ஆதாரம் வேண்டாமா? அந்தக் கமெண்டையே காப்பி செய்து ஒட்டினேன். பதில் வராததால் மறுபடி மறுபடி ஒட்டி அனுப்பினேன். (வக்கீலாகி இருக்க வேண்டியவன் என்று அப்போது என்னைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம்.)

மறுநாள் பதில் வந்தது. 'தொடர்ந்து ஸ்பாம் அனுப்புவதால் உங்கள் கணக்கு முடக்கப்படுகிறது. தேவைப்பட்டால் விவரங்கள் காவல்துறையிடம் தரப்படும்.'

கடையில் கூட இருந்த மனைவி ஸ்டெல்லாவிடம் காட்டினேன்.

"ஸ்பாம்னா இன்னா?"

"வேண்டாத குப்பைய ஊருக்கெல்லாம் அனுப்புறது."

"நீங்க தெனம் குட்மார்னிங் அனுப்புறீங்களே, அதுவா?"

அந்த நேரம் பார்த்துக் கடை வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. கால்கள் என்னைக் கேட்காமலே ஓடி, படம் எடுக்கத் தொங்கவிட்டிருந்த நீலத் திரைக்குப் பின்னால் நின்றன. ஜெயில், பேப்பரில் என் படம் (அதையும் நானேதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்), சர்ச்சில் தலைகுனிந்து நிற்கும் நைனா என்று எல்லாம் கண்ணுக்குள் ஓடின.

"அருள் இருக்காரா?" ஏட்டின் குரல்.

"அவரு மண்டகப்பட்டு போயிருக்காரு சார்." பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஸ்டெல்லாவுக்குக் குரல் கீச்சென்று வந்தது.

"காலு மட்டும் இங்க இருக்குது?"

திரை முழங்காலோடு முடிவதை அன்றுதான் கவனித்தேன். வெளியே வந்தேன்.

"சார், மாதா மேல சத்தியமா நான் ஸ்பாம் பண்ணல சார்."

ஏட்டு ஒன்றும் புரியாமல் பார்த்தார். பிறகு ஜீப் டிரைவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "நேத்து உன் பேஜ்ல பாத்தேன்பா. லைக் போட்டா சம்பளமாமே. நான் ரிட்டையர் ஆவப் போறேன். முன்பணம் கேக்கறான். கட்டிடலாமா?"

"கட்டாதீங்க சார். அது பூரா ஏமாத்து வேலை."

அவர் முகம் வெளுத்தது. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "சாயங்காலம் கட்டறதா இருந்தேன். ஸ்டேஷன்ல யார்கிட்டயும் சொல்லிடாதப்பா."

திரைக்குப் பின்னால் நான் நின்றதையும் வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

கணக்கு திரும்பி வரவேயில்லை. ஸ்டெல்லா என் கதையைச் சொந்தபந்தம் முழுக்கப் பரப்பிவிட்டாள் (ஏட்டைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை). போன மாதம் அனந்தபுரத்தில் அக்கா மகள் கல்யாணம். மண்டப வாசலில் பெரிய பேனர்: 'தாய்மாமன் ஸ்பாம் அருள் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.'

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "ஸ்பாம்னா இன்னா படிப்புமா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

"படிச்சதில்லீங்க. கம்பெனியே பாத்துக் குடுத்த பட்டம்."

அவர் என்னைத் தேடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.