முளைகட்டிய நெல்லும் திருவுளச் சீட்டும்

மெரின், ஜூட், இரண்டு பேரும் கேளுங்கள். தற்செயலுக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை நான் ஒரு மூட்டை விதைநெல்லைப் பணயம் வைத்துத்தான் படித்தேன். (பத்தாம் வகுப்போடு நின்ற மூளை, சும்மா சொன்னால் கேட்குமா?)

கட்டுக்கரைக் குளத்தில் தண்ணீர் குறைந்தால், வெயில்கால நெல்விதைப்பான சிறுபோகம் எல்லோருக்கும் கிடைக்காது. எங்கள் வாய்க்காலுக்குப் பெயர்களைத் தகரப்பேணியில் போட்டுக் குலுக்கித் திருவுளச் சீட்டு எடுப்பார்கள். பெயர் வந்தவர் விதைப்பார், வராதவர் கூலிக்குப் போவார். மூன்று வருஷமாக என் பெயர் வரவில்லை. ஆகவே இந்த முறை வந்தே தீரும் என்று, சீட்டு எடுக்கும் கூட்டத்துக்கு முன்பே விதைநெல்லை ஊறப்போட்டு முளைகட்டிவிட்டேன். முளைத்த நெல் காத்திருக்காது. வீட்டில் இருந்த விதை அவ்வளவுதான்.

மெரின், சாக்கைத் தொட்டுப் பார்த்து நீ பதறினாய்.

"அப்பா, சீட்டுக்கு ஞாபகம் இல்லை. மூண்டு வருஷமா உங்களுக்கு விழேல்ல எண்டு அந்தத் தகரப்பேணிக்குத் தெரியுமோ?"

"குளத்துக்கு ஞாபகம் இருக்குத்தானே? நேற்றையத் தண்ணிதானே இண்டைக்கும் நிக்குது!" என்றேன், பெரிய சட்டத்தரணி போல.

"குளம் வேற, சீட்டு வேற அப்பா. நாளைக்கு எவ்வளவு தண்ணி எண்டு சொல்ல இண்டையத் தண்ணியும் மழையும் தெரிஞ்சாப் போதும். சீட்டுக்கு அதுகும் தேவையில்ல."

"போடி! எனக்குக் குளம் படிப்பிக்க வந்திட்டாள்."

கூட்டத்தில் மாப்பிள்ளை போல முன் கதிரையில் இருந்தேன். உங்கள் மாமா யோகனின் பெயர் வந்தது. வேறு பெயர்களும் வந்தன. என் பெயர் பேணிக்குள்ளேயே நித்திரை.

"அண்ண, நெல் முளைச்சிட்டுதாமே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். (முதலில் சிரித்தது உங்கள் அம்மா.)

பின்னேரம் யோகன் வந்து சாக்கைத் தூக்கினான். "அத்தான், என்ர நாத்துமேடைக்குப் போடுவம். அறுத்தாப்பிறகு விதைநெல்லாத் திருப்பித் தாறன்."

விதை தப்பியது. மானம் தப்பவில்லை. இன்றும் நான் எதையாவது நிச்சயமாகச் சொன்னால், "அப்பா ஊறப்போட்டாச்சோ?" என்கிறான் ஜூட்.

அதற்குப் பிறகுதான் மெரின் சொன்னதை ஒழுங்காகக் கேட்டேன். நிகழ்தகவு என்ற இந்தத் தற்செயல் கணக்கு, சூதாடிகளின் சந்தேகத்தில் தொடங்கியதாம். ரஷ்யாவில் ஒருவர் ஒரு கவிதையின் எழுத்துகளை ஆயிரக்கணக்கில் எண்ணி, அடுத்து வரும் எழுத்து இப்போது நிற்கும் எழுத்தைப் பொறுத்து மாறும் என்று காட்டினாராம். (எங்கள் குளக்கட்டில் விட்டிருந்தால் மீனையும் எண்ணியிருப்பார்.) அவருக்குப் பின் இன்னொருவர், ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய சில விதிகளைப் போட்டு, அத்தனை தற்செயலையும் அவற்றின் மேல் நிறுத்தினாராம். மழையை யாரும் பிடித்துவைக்க முடியாது. ஆனால் நமக்குத் தெரியாததையும் அளக்கலாம் என்று துணிந்தார்களே பிள்ளைகளே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கிறது.

ஒரு மத்தியானம், வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம், முற்றத்தில் நின்று ஒரு நாணயத்தைச் சுண்டினேன். தலை. மறுபடியும் தலை. பிறகும் தலை.

இனிப் பூதான் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, மறுபடி சுண்டினேன்.