மாமாவையும் சித்தப்பாவையும் ஒரே வேனில் ஏற்றிய கதை

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவர்களை நம்பிக் கல்யாண வேலை எதையும் ஒப்படைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஒப்படைத்தார்கள்.

அக்கா கல்யாணம் மாமல்லபுரத்தில். செங்கல்பட்டிலிருந்து உறவினரை வேன்களில் பிரித்து ஏற்றுவது என் பொறுப்பு. அப்போது நான் பி.எஸ்சி. கணிதம். சமானத் தொடர்பைப் புதிதாகப் படித்த திமிர் வேறு. மூன்று நிபந்தனைகள் பொருந்தினால் போதும், எந்தக் கூட்டத்தையும் ஒன்றோடொன்று கலக்காத வகுப்புகளாகப் பிரித்துவிடலாம். 'பேச்சுவார்த்தை உண்டு' என்பதையே தொடர்பாக எடுத்துக்கொண்டேன். ஒவ்வொருவரும் தன்னோடு பேசிக்கொள்வார் (எங்கள் குடும்பத்தில் சத்தமாகவே). அவர் இவரோடு பேசினால் இவரும் அவரோடு பேசுவார். மூன்றாவது, மாமா அம்மாவோடு பேசுவார், அம்மா சித்தப்பாவோடு பேசுவார், ஆகவே மாமாவும் சித்தப்பாவும் பேசுவார்கள். ஒரே வகுப்பு, ஒரே வேன்! நிரூபித்துவிட்ட பரவசத்தில் அவர்களுடைய பழைய வரப்புத் தகராறு ஞாபகத்துக்கே வரவில்லை.

காலையில் வேன் மண்டபத்துக்கு வந்தது. சித்தப்பா இறங்கினார். மாமாவைக் காணோம்.

"அவரு திருக்கழுக்குன்றத்துலயே எறங்கிட்டாரும்மா. ஒரே சண்ட" என்றார் டிரைவர்.

தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் அக்கா மணமேடை ஏற முடியாது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமாவின் போன் அணைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். அக்கா கண் மை கரைய என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி செத்தேன். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டியை முறுக்கினேன்.

மாமா திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் டீயும் கையுமாக, செங்கல்பட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

"அவனாண்ட என்னை ஒக்கார வெச்சது யாரு?"

"நான்தான் மாமா. நீங்க அம்மாகிட்ட பேசுறீங்க, அம்மா சித்தப்பாகிட்ட பேசுறாங்க. அதனால நீங்க எல்லாரும் ஒரே வகுப்புன்னு..."

"அதனால இன்னா? உங்கம்மாவுக்கு ரெண்டு பேரும் வோணும். எனக்கு அவன் வோணாம். இதுகூட தெரியல, இன்னா படிப்பு படிக்கிற நீ?"

என் மூன்றாவது நிபந்தனை டீக்கடை வாசலிலேயே உயிரை விட்டது.

"மாமா, அக்கா அங்க அழுதுகினு கீறா."

மாமா பஸ் வரும் திசையைப் பார்த்தார். பஸ்ஸும் வந்தது. நடத்துனர் "செங்கல்பட்டு, செங்கல்பட்டு" என்று கூவினார்.

"வண்டிய எடு" என்றார் மாமா.

மேளம் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் மூச்சிரைக்க வந்து பட்டம் கட்டினார்.

இன்று நான் ஒரு கல்லூரியில் இதே பாடத்தை நடத்துகிறேன். வீட்டு விசேஷங்களில் வேன் ஏற்பாடு மட்டும் என் பக்கம் வருவதில்லை. எல்லோரும் ஏறியபின், அண்டாவும் காய்கறியும் ஏற்றிய டெம்போவைக் காட்டி மாமா கத்துவார், "நீ தனி வகுப்பும்மா, அத்துல ஏறு!" இன்னொரு வேனிலிருந்து சித்தப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். இத்தனை வருஷத்தில் இருவரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான்.