கடல்பாசி அனுப்பாதே, அக்கா

தேஜான்,
செவ்வாய்க்கிழமை மாலை.

வாண்டோ தீவில் கடலோடும் பாசியோடும் மல்லாடிக்கொண்டிருக்கும் என் மரியாதைக்குரிய மூத்த அக்கா ஓக்புன் அவர்களுக்குத் தம்பி தொக்சு தலை தாழ்த்தி எழுதுவது. இங்கு யாவரும் நலம். அங்கு உன் மூட்டும் அத்தானின் படகு எஞ்சினும் மக்கர் பண்ணாமல் இருக்க வேண்டுகிறேன்.

நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். தயவுசெய்து இனிமேல் கடல்பாசி அனுப்பாதே. காலமெல்லாம் தபால்காரனாக இருந்தவன் நான். வருகிற பார்சலை வேண்டாம் என்று எழுத எனக்கே கை கூசுகிறது. ஆனால் என் நிலைமையைக் கேள். என் மகள் சேபோம் பொறியாளர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வை நாலாவது தடவையாக எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நாளைக் காலை முடிவு. இத்தனை வருஷமாகப் பாலம் பாலமாக வரைந்து தள்ளுகிறாள், ஆனால் படத்தில் முத்திரை குத்துவது உரிமம் வைத்திருக்கிற வேறு யாரோ. “இந்தத் தடவையும் வரலேன்னா புத்தகத்தையெல்லாம் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடுவேன்பா” என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள், உன்னை மாதிரியே.

இந்த லட்சணத்தில், தேர்வுக்கு முந்தின நாள் பார்த்து உன் பெட்டி வந்து இறங்குகிறது! வழவழக்கிற பாசி சூப் குடித்துவிட்டுப் பரீட்சைக்குப் போனால் தேர்ச்சி வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியுமே, பாசியிலேயே புரள்கிற உனக்குத் தெரியாதா? யார் கண்ணிலும் படாமல் செருப்பு அலமாரியில் ஒளித்து வைத்தேன். வீடு முழுக்கக் கடல் வாசனை. சரி, தானமாகவாவது போகட்டும் என்று எதிர்வீட்டு பியோன் அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். அந்தம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “என் பையன் நாளைக்கு கார் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போறான். உங்க வீட்டு வினையை அவன் தலையிலயா கொண்டுவந்து கட்டுறீங்க? நீங்கள்லாம் பெரிய மனுஷனா?” என்று மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். மறுபடியும் செருப்பு அலமாரி.

நம் கொரிய மொழியையும் சொல்ல வேண்டும். மரத்திலிருந்து இலை உதிர்ந்தாலும், வீட்டில் அரிசி தீர்ந்தாலும், பரீட்சையில் கோட்டை விட்டாலும் எல்லாவற்றுக்கும் ‘விழுந்துடுச்சு’ என்று ஒரே சொல்தானே! முடிவு வரும்வரை அந்தச் சொல் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தால் மேஜையில் தொட்டுக்கொள்கிற கிம்ச்சி ஊறுகாய் மட்டும். சோறு எங்கே என்று என் வீட்டுக்காரி யோங்ஜாவைக் கேட்டேன். “அரிசி வந்து... அரிசி வந்து...” என்று மென்று விழுங்குகிறாள். “அந்த வார்த்தையத்தான் நீங்க சொல்லக் கூடாதுன்னுட்டீங்களே! காலையிலேருந்து உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருக்கேன்.” வாய்த்தாளே எனக்கென்று ஒருத்தி!

இது போதாதென்று யொட் மிட்டாய். பல்லில் ஒட்டுகிற மாதிரி வெற்றியும் ஒட்டட்டும் என்றுதானே வாங்கிக் கொடுக்கிறோம்? தேர்வன்று வாங்கி வந்து நீட்டினால், “பல்லு கூசுதுப்பா” என்று தள்ளிவிட்டாள். அவளுக்குப் பதிலாக நானே தின்று வைத்தேன், புண்ணியம் எப்படியும் குடும்பத்துக்குள்தானே என்று. டாக்டர் மூன்று பல்லைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்திருந்த பாலம் மிட்டாயோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுச் சேபோம், “அப்பா, பாலம் விழுந்தா இன்ஜினியரத்தான் கேக்கணும்” என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அதே சொல்! திட்டலாம் என்றால் வாயிலிருந்து காற்றுதான் வருகிறது.

இன்றைக்கு அவள் பிறந்தநாள். எழுந்து பார்த்தால் யோங்ஜா உன் பெட்டியைப் பிரித்துப் பாசியை ஊறப் போட்டிருக்கிறாள். அடுப்பை மறித்துக்கொண்டு நின்றேன். “தள்ளுங்க! இவளப் பெத்தவ நான். பெத்துட்டு நான் குடிச்ச சூப்பு இது. பொறந்தநாளும் அதுவுமா இத குடிக்காம உங்க மூஞ்சியக் கரைச்சா குடிப்பா?” என்கிறாள். சேபோமும் வந்து, “பேப்பர் எல்லாம் திருத்தி முடிச்சிருப்பாங்கப்பா. இனிமே சூப்பு போயி மார்க்க அழிக்குமா?” என்றாள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது வழுக்கலாமே என்றேன். அவள் சிரிக்கவில்லை, அக்கா.

“எனக்கு ரிசல்ட்டப் பாத்துகூட பயமில்லப்பா. அது வந்தப்புறம் உங்க மூஞ்சியப் பாக்கணுமே, அதுதான் பயம். மூணு தடவையும் நீங்க ஒண்ணுமே சொல்லல. பல்லக் காட்டிச் சிரிச்சீங்க. அதத்தான் என்னால தாங்க முடியல” என்றாள்.

அவள் மனசு நோகக் கூடாதே என்று கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்ட சிரிப்பு அது. எனக்கும் பயம்தான், உன்னைவிட எனக்குத்தான் பயம் என்று சொல்லிவிட்டு அடுப்பைவிட்டு நகர்ந்தேன். அவள் இரண்டு கிண்ணம் குடித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகவே அக்கா, அடுத்த வருஷமும் இந்தப் பாடு வேண்டாம். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் நெத்திலிக் கருவாடு அனுப்பு, அது யாரையும் வழுக்கிவிட்டதாகக் கேள்வியில்லை. அத்தானுக்கு என் வணக்கம். இந்தப் பருவத்தில் நீங்கள் கடலிலிருந்து இழுக்கிற பாசிக் கயிறெல்லாம் கனத்து ஏறட்டும், புயல் உங்கள் பக்கம் எட்டிப் பார்க்காதிருக்கட்டும்.

இப்படிக்கு, இன்று தூக்கம் வரப் போகாத உன் தம்பி
மேங் தொக்சு

பின்குறிப்பு: புதன் காலை. நல்லவேளை, உறையை ஒட்டவில்லை. மேலே எழுதிய எதையும் நம்பாதே. தேறிவிட்டாள், அக்கா, என் பெண் தேறிவிட்டாள்! நான் அழுத அழுகையில் பியோன் அம்மா ஓடி வந்துவிட்டாள். இன்னொன்றும் கேள். தேர்வன்று காலையிலும் நான் எழுந்திருப்பதற்குள் தாயும் மகளும் உன் பெட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்து, பாசி சூப்தான் வைத்துக் குடித்தார்களாம். “மூணு தடவ நீங்க சொன்னதத்தானே தின்னுட்டுப் போனேன்? இந்தத் தடவ மாத்திப் பாத்தேன்” என்கிறாள். இனி நேர்முகத் தேர்வு ஒன்று பாக்கி. அது முடிகிறவரை அப்பா அத்தை வீட்டில் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்று இரண்டு பேரும் ஏகமனதாகத் தீர்மானித்து, சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள். பெட்டிக்குப் பதிலாக நானே வந்து இறங்குகிறேன். நீயாவது திருப்பி அனுப்பாதே.