மீன் கடையை விற்றவனுக்கு மீன் கடையில் தடை

அடிலெய்டில் இருக்கும் அன்பு அக்கா வெர்னாவுக்கு, போர்ட்லண்டிலிருந்து தம்பி டெஸ் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு வயிற்றெரிச்சலைத் தவிர வேறு நோய் இல்லை.

என் மீன் வறுவல் கடைக்குள் நான் நுழையக் கூடாதாம்! முதல் குளிர்காலத்தில் கடற்காகங்களைத் தவிர யாரும் எட்டிப் பார்க்காத கடை அது. மழையில் நனைந்து வந்தவனுக்குக் கேட்காமலே ஒரு துண்டு சுறா மீன் கூடுதலாக வைத்தேன். அவன் அடுத்த வெள்ளிக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தான். அப்படி வளர்த்த கடை. ஈஸ்டருக்குப் பிறகு அதை லொரெய்னுக்கு விற்றேன், உண்மைதான். பல வருஷம் என்னோடு கல்லாவில் நின்றவள். கால்பந்துக் கிளப்பில் விருந்து வைத்து எனக்கொரு தூண்டில் பரிசு கொடுத்தார்கள். நானும் அழுதுகொண்டே, “இனிமே கடைப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்” என்று மைக்கில் சொன்னேன். மறுநாள் காலை போனேன். சும்மா பார்க்கத்தான்!

அப்புறம் தினமும் போனேன். முதலில் லொரெய்ன் டீ கொடுத்தாள். பிறகு நான் உட்காரும் நாற்காலியை எடுத்துவிட்டாள். சரி என்று வரிசையில் நின்றவர்களிடம், “மாவு தண்ணியா இருக்கு, பார்த்து வாங்குங்க” என்று அக்கறையாகச் சொன்னேன். படகில் மீன் பிடிக்கும் ஒருவன், “டெஸ், நீ ரிட்டயர் ஆனியா, இல்ல கடைக்குள்ள பேயா அலையறியா?” என்று இளிக்கிறான்.

போன சனிக்கிழமை நம் ஊர் அணி கோப்பையை ஜெயித்து, ஊரே கடை வாசலில் நின்றது. லொரெய்ன் மீன் எடுக்கப் பின்பக்கம் போனாள். எண்ணெய் சூடு போதாது என்று எனக்குப் பட்டது. அடுப்புக் குமிழைக் கொஞ்சம்தான் திருப்பினேன். பழைய அடுப்பு மாதிரி மிரட்டினாத்தான் காயும்னு நெனச்சேன், இது புதுசு, குப்பென்று புகை கிளம்பி, மணி அலறி, தீயணைப்பு வண்டி வந்து, அவர்கள் அடித்த நுரையில் அத்தனை மீனும் முழுகிப் போச்சு. ஜெயித்த பயல்கள் ரொட்டியில் தக்காளிச் சாஸ் தடவித் தின்றார்கள். லொரெய்ன் ஊரே பார்க்கக் கரண்டியை நீட்டி, “வித்துட்டீங்கல்ல டெஸ்? அப்ப விட்டுட்டுப் போங்க! நீங்க இங்க நிக்கறவரைக்கும் இது என் கடை ஆகாது!” என்று கத்தினாள். என்ன திமிர்! எனக்காக ஒருவன்கூட பரிந்து பேசவில்லை. கைதட்டினார்கள், அக்கா!

கடையைத் திரும்ப வாங்கப் போகிறேன். பாதிப் பங்கு நீ போடு. உடனே புறப்பட்டு வா. அத்தானுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் எல்லோரும், அந்தக் கடிநாய் உட்பட, சுகமாக இருக்க வேண்டும்.

கோபத்திலும் குறையாத பாசத்துடன்,
டெஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் லொரெய்ன் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “கடைக்குள்ள வராதீங்கன்னுதான் சொன்னேன். பட்டினி கிடக்கச் சொல்லல” என்று மீன் வறுவல் மடித்த காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். வேண்டா வெறுப்பாக ஒரு கடி கடித்தேன். அக்கா, என்னுதைவிட நல்லா மொறுமொறுன்னு இருக்கு. காகிதத்தில் ஒட்டின தூளைக்கூட விடவில்லை. நீ பணமும் அனுப்ப வேண்டாம், புறப்பட்டும் வர வேண்டாம். நான் தின்று முடிக்கும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உப்பு கொஞ்சம் தூக்கல். சொல்ல வாய்வரைக்கும் வந்துவிட்டது. மென்று விழுங்கிவிட்டேன்.